அரைகுறை மின்சாரமும் காவல் எல்லையும்

மின்சாரம் அடியோடு நின்றுவிட்டால் மின்னணுக் கருவிக்கு அதனால் பெருந்தீங்கு இல்லை. கருவி உறங்குகிறது, மின்சாரம் மீண்டதும் விழிக்கிறது. தீங்கு விளைவது அரைகுறை மின்சாரத்தால்தான். கோடை மாலையில் விளக்கு மங்கி, விசிறி தள்ளாடுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அதே வேளையில் சுவரிலுள்ள மின்மானிக்குள் நடப்பதோ நம் கண்ணுக்குப் புலனாவதில்லை. இன்னொன்றும் உண்டு. மின்சாரம் அடியோடு நிற்கும்போதும், கருவிக்குள் இருக்கும் அழுத்தம் ஒரு நொடிப்பொழுதேனும் இந்த அரைகுறை நிலையைக் கடந்தே கீழே இறங்குகிறது.

வெளி மாநிலங்களில் வாடகை அறைகளில் குடியிருக்கும் நம்மவர் பலருக்கு, வீட்டுக்காரர் பொருத்தியுள்ள துணை மின்மானியில் தோன்றும் எண்ணே மாதக் கணக்கு. எண்திரையுள்ள மின்மானிகளில் அக்கணக்கை வைத்திருப்பது மைக்ரோகன்ட்ரோலர் என்னும் சிறு சில்லு. அது செலவான யூனிட்டுகளை எண்ணி, மின்சாரம் இல்லாதபோதும் அழியாத நினைவகத்தில் அவ்வப்போது எழுதி வைக்கிறது. அழுத்தம் தேவைக்குக் கீழே தாழ்ந்தால் இச்சில்லு உடனே நின்றுவிடுவதில்லை. தடுமாறிக்கொண்டே வேலை செய்கிறது. ஓர் ஆணையை வேறோர் ஆணையாகப் படிக்கிறது. எழுத வேண்டாத இடத்தில் எழுதுகிறது. 4,312 என்றிருந்த எண் மறுநாள் வேறொன்றாக நின்றால், குடியிருப்பவரும் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் ஐயுறுவரேயன்றிச் சில்லை ஐயுறமாட்டார்கள்.

இத்தடுமாற்றத்தைத் தவிர்க்கவே வோல்டேஜ் சூப்பர்வைசர் என்னும் காவற்சில்லு ஏற்பட்டது. அதன் வேலை ஒன்றே. அழுத்தத்தை ஓயாமல் கண்காணித்து, அது குறித்த எல்லைக்குக் கீழே இறங்கியதும் ரீசெட் கம்பியின் வழியே மைக்ரோகன்ட்ரோலரை அசையாமல் நிறுத்தி வைக்கும். அந்த எல்லையை எங்கே வைப்பது என்பதில்தான் நுட்பமெல்லாம் அடங்கியிருக்கிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மின்மானியின் உள்ளழுத்தம் 3.3 வோல்ட். அதைத் தரும் சீராக்கி நூற்றுக்கு 5 வீதம் கூடவோ குறையவோ தரக்கூடியது. ஆகவே, எந்தக் குறையும் இல்லாத மின்மானியிலும் அழுத்தம் 3.135 வோல்ட்டாக இருக்கலாம். மைக்ரோகன்ட்ரோலர் பிழையின்றி இயங்கக் குறைந்தது 3.0 வோல்ட் வேண்டும் என்று கொள்வோம். காவல் எல்லை இவ்விரண்டுக்கும் நடுவே அமைய வேண்டும். 3.135-க்கு மேலே போனால், நல்ல மின்சாரம் இருக்கும்போதே கருவி ஓயாமல் நின்று நின்று தொடங்கும், 3.0-க்குக் கீழே போனால் காவல் இருந்தும் பயனில்லை. இடைவெளியோ 0.135 வோல்ட்.

இனி, காவற்சில்லும் பிழையற்றதன்று. மூன்றே கால்களையுடைய மேக்ஸ் 809 என்னும் சில்லு பல எல்லைகளில் கிடைக்கிறது. அவற்றுள் ஒன்றன் எல்லை 3.08 வோல்ட் என்று குறிக்கப்பட்டுள்ளது. ஆனால் சுழியத்துக்குக் கீழ் 40 பாகை முதல் 85 பாகை வரை வெப்பம் மாறினால், அந்த எல்லை 3.00-க்கும் 3.15-க்கும் இடையே எங்கும் இருக்கலாம். 3.15 என்பது 3.135-ஐத் தாண்டிவிட்டது. குறித்த எண்ணை மட்டும் பார்த்து வாங்குவோர், நூறு கருவிகளுள் ஒன்றிரண்டு மட்டும் காரணமின்றித் தொல்லை தருவது கண்டு திகைப்பது இதனால்தான்.

நூற்றுக்கு 1.5 வீதத்துக்கு மேல் பிசகாத காவற்சில்லாயின் எல்லை 3.034-லிருந்து 3.126 வரை அமையும்; இடைவெளிக்குள் அடங்கும். ஆயினும் மேல் விளிம்பில் எஞ்சுவது 0.009 வோல்ட்டே, அழுத்தத்தில் சிற்றலை இருந்தால் அதுவும் கரைந்துவிடும். என் கருத்தில், சீராக்கியைச் சிறந்ததாக வாங்குவதே நேர்வழி. அது நூற்றுக்கு 2 வீதத்துக்குள் நின்றால், தாழ்ந்த அழுத்தம் 3.234 ஆகிவிடும், காவலுக்குத் தாராளமாக இடம் கிடைக்கும்.

மைக்ரோகன்ட்ரோலருக்குள்ளேயே ஒரு காவல் உண்டே, தனியாக எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். மாணவர் பலர் கையாளும் அர்டுயினோ ஊனோ பலகையை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள ஏட்மெகா 328 சில்லின் உட்காவல் 2.7 வோல்ட்டில் வைக்கப்பட்டுள்ளது. அச்சில்லோ 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடுவதற்கு ஏறத்தாழ 3.78 வோல்ட் வேண்டும். இடைப்பட்ட ஒரு வோல்ட் அளவும் காவலற்ற வெளி. விளக்கை மினுக்கிப் பழகும் மாணவர்க்கு இது போதும். கணக்கு வைக்கும் கருவிக்குப் போதாது. அதே சில்லில் 4.3 வோல்ட் எல்லையும் உண்டு. கணக்குக் கருவிக்கு அதுவே தகும்.

எல்லையைத் தொட்டுத் தொட்டு அழுத்தம் ஊசலாடினால் கருவியும் உடன் ஊசலாடாதிருக்க, காவற்சில்லு விடுவிக்கும் முன் சற்றுக் காத்திருக்கிறது. மேக்ஸ் 809 குறைந்தது 140 மில்லிசெகண்டு காத்திருக்கும்.

காவற்சில்லு தடுமாற்றத்தைத் தடுக்குமே தவிர, கணக்கைப் பாதியில் நிறுத்தாது என்று சொல்ல இயலாது. நான்கு பைட் எண்ணில் இரண்டு எழுதியபோதே நிறுத்தம் வந்தால் என் செய்வது? ஆதலின் நல்ல கருவிகளில் இரண்டாவது எல்லை ஒன்றைச் சீராக்கிக்கு முன்னே வைப்பார்கள். அங்கே அழுத்தம் 5 வோல்ட்டுக்கு இறங்கியதும் எச்சரிக்கை எழும். அவ்விடத்தில் 1,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இருந்து, கருவி 10 மில்லியாம்பியர் மின்னோட்டத்தை இழுக்குமாயின், அழுத்தம் 3.5 வோல்ட்டுக்கு இறங்க 150 மில்லிசெகண்டு ஆகும். ஏட்மெகா 328 ஒரு பைட்டை எழுத 3.4 மில்லிசெகண்டு கொள்கிறது. நான்கிற்கும் 14 மில்லிசெகண்டு போதும். எனினும் இவ்வகை மின்தேக்கி வெப்பத்தில் ஆண்டுகள் செல்லச் செல்லக் கொள்ளளவு குன்றுவது. மொட்டைமாடிக்குக் கீழ் வெயில் காயும் சுவரில் தொங்கும் மின்மானிக்கு, அதன் கொள்ளளவில் பாதியே எஞ்சும் எனக் கொண்டு கணக்கிடுதல் வேண்டும்.