பெயர் கொடுக்காதவர்கள்



தொழுநோய், காசநோய், எச்.ஐ.வி. பற்றிய ஆய்வுகளுக்கு ஆள் கிடைப்பதில்லை என்பது சுகாதார ஆய்வாளர்களின் நெடுநாள் குறை. வீடு தேடிப் போனால் கதவு திறப்பதில்லை. திறந்தாலும் பதில் வருவதில்லை. இவர்களை 'எட்ட முடியாத மக்கள்' என்று அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். எட்டத்தில் நிறுத்தி வைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளான நமக்கு அந்தச் சொல் உறுத்துகிறது.

அவநம்பிக்கைக்கு வரலாறு உண்டு. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோயுற்ற 399 கறுப்பின ஆண்களை அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை முறையான சிகிச்சை தராமல் கவனித்துவந்தது. பென்சிலின் புழக்கத்துக்கு வந்த பிறகும் அவர்களுக்குத் தரவில்லை. 'கெட்ட ரத்தம்' என்று மட்டும் சொல்லி, இலவசச் சாப்பாடும் ஈமச் செலவும் காட்டி ஆள் சேர்த்தார்கள்.

நம் சென்னைக்கு வருவோம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986இல், இங்கே காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களின் ரத்தத்தில்தான். மருத்துவர்கள் சுனிதி சாலமன், நிர்மலா ஆகியோரின் உழைப்பு பெரிது. அசட்டையாக இருந்த நாட்டை அது உலுக்கியது. ஆனால் எந்த நோயைத் தேடி ரத்தம் எடுக்கிறார்கள் என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை.

அதற்காகக் கணக்கெடுப்பே வேண்டாம் என்று நாம் சொல்ல முடியுமா? கணக்கில் வராதவருக்கு மருந்தும் நிதியும் வராது. துணிந்து பேச முடிந்தவர்கள் மட்டுமே ஆய்வுக்கு வந்தால், சாதியையும் நோயையும் சேர்த்துச் சுமப்பவர் விடுபடுவார். நோயின் அளவும் குறைவாகவே தெரியும்.

ஜீப் வந்து சேரியில் ஒரே ஒரு வாசலில் நின்றால், கேள்வி கேட்குமுன்பே ஊருக்குப் பதில் தெரிந்துவிடும். மகளின் சம்பந்தம் முறியும், வேலை போகும், வாடகை வீடு போகும். ஒப்புதல் படிவத்தில் வைக்கும் கைநாட்டு ஆய்வாளருக்குப் பாதுகாப்பு. வைத்தவருக்கு அது ஒரு சாட்சி.

வழி இல்லாமல் இல்லை. 1997இல் சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கத்தார்ன் ஒரு முறையை முன்வைத்தார். ஆய்வில் பங்கேற்றவர் தமக்குத் தெரிந்தவர்களிடம் சீட்டுக் கொடுப்பார். விருப்பமுள்ளவர் தாமாக வருவார். மற்றவர் பெயர் ஆய்வாளர் கைக்குப் போகாது. இதிலும் குறை உண்டு. யாரோடும் ஒட்டாமல் ஒளிந்து வாழ்பவரிடம் சீட்டுப் போய்ச் சேராது.

ஆகவே நாம் கேட்பவை இவை. பாதிக்கப்பட்டவர்களே கேள்வித்தாளை எழுதும் இடத்தில் இருக்க வேண்டும். சந்திக்கும் இடத்தை அவர்களே சொல்ல வேண்டும். மறுத்தால் சிகிச்சை குறையாது என்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். பரிசோதனைக்கு முன் ஒப்புதல் என்பதை எச்.ஐ.வி. குறித்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாக்கியிருக்கிறது. மற்ற நோய்களுக்கும் அந்த மரியாதை வேண்டும். சாதி என்ன என்று கேட்பவர், எதற்குக் கேட்கிறோம் என்பதையும் சொல்லட்டும். முடிவுகள் ஆங்கில இதழோடு நிற்காமல், தந்தவர்களிடம் தமிழில் திரும்பி வரட்டும்.

இதையெல்லாம் செய்துவிட்டு வந்து தட்டுங்கள். அப்போதும் சில கதவுகள் திறக்காது. அது அவர்கள் உரிமை.