குளிசையை விடாதீர்கள், குடியை விடுங்கள்

(தோட்ட முன்பள்ளி மண்டபத்தில் நடந்த மாதாந்த நலன்புரிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இண்டைக்கு நாங்கள் பேச எடுத்த விஷயம் பாரிசவாதம். ஒரு கை, ஒரு கால் இழுத்து, வாய் கோணி, ஆஸ்பத்திரியில் கிடந்து, கடவுள் புண்ணியத்தில் எழும்பி வீட்டுக்கு வந்தவர்கள் எங்கள் தோட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு பை நிறையக் குளிசை இருக்கிறது. பின்னேரமானால் சிலருடைய கையில் போத்தலும் ஏறிவிடுகிறது. ஆரையும் குற்றஞ்சாட்ட நாங்கள் வரவில்லை. முதல் குற்றம் எங்களுடையது. அதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

எங்கள் தொழிலாளி ஒருவர். பெயர் வேண்டாம். 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து தகப்பனின் தோளில் ஏறி இந்த வன்னிக்கு வந்தவர். தேங்காய் உரிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவருக்குப் பாரிசவாதம் வந்து, கை கால் ஓரளவு தேறி வீட்டுக்கு வந்தபோது நாங்கள் போய்ப் பார்த்தோம். வாசலில் நின்று, “மருந்தும் சாராயமும் சேரக் கூடாது, கவனம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பினோம். எங்கள் கடமை முடிந்தது என்று நினைத்தோம்.

தீபாவளி வந்தது. மூன்று நாள் குடித்தார். நாலாம் நாள் காலமை பேச்சுக் குழறியது, நடக்க ஏலவில்லை. வெறி இன்னும் முறியவில்லை என்று வீட்டார் தேசிக்காய்த் தண்ணி பருக்கிப் படுக்கவைத்தார்கள். மத்தியானத்துக்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தப்பிவிட்டது. ஆனால் இண்டைக்கும் அவருக்குப் பேச்சு இல்லை.

நாங்கள் அவருடைய குளிசைப் பையைத் திறந்து பார்த்தோம். மூன்று நாள் குளிசை அப்படியே கிடந்தது. அவருடைய மனைவி சொன்னார்: “நீங்கதானே சார் ரெண்டும் சேரக் கூடாதுன்னு சொன்னீங்க. அதான் குடிச்ச நாள்ல மாத்திரை குடுக்கல.”

அந்த அம்மா செய்தது பிழையா? நாங்கள் சொன்னதைத்தான் அவர் செய்தார். நாங்கள் பாதியைச் சொல்லி மீதியை விட்டுவிட்டோம். அந்த மீதியை இண்டைக்குச் சொல்கிறோம்.

பாரிசவாதம் இரண்டு வகை. மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபடுவது ஒன்று. குழாய் வெடித்து இரத்தம் கசிவது மற்றது. பெரும்பாலானோருக்கு முதல் வகைதான். அடைப்பு வந்தவருக்கு இரத்தம் கட்டிபடாமல் இருக்க அஸ்பிரின் அல்லது குளோபிடோகிறெல் கொடுப்பார்கள். அதோடு பிரஷர் குளிசை, கொலஸ்திரோல் குளிசை, சீனி வருத்தம் இருந்தால் அதற்கும் குளிசை. இவை வந்த வருத்தத்தைத் துடைத்தெடுக்கும் மருந்துகள் அல்ல, அடுத்த முறை வராமல் காக்கும் காவல்கள். உடம்பு நல்லாய் இருக்கிறது என்று நிறுத்தினால் காவல்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைத்த கதைதான்.

இனிக் குடி என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

அஸ்பிரின் இரைப்பையின் உட்தோலைப் புண்ணாக்கக் கூடியது. சாராயமும் அதையே செய்யும். இரண்டும் சேர்ந்தால் இரைப்பையில் இரத்தம் கசியலாம். மலம் தார் போலக் கறுப்பாய்ப் போனாலோ, கோப்பித் தூள் நிறத்தில் சத்தி எடுத்தாலோ வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

பிரஷர் குளிசை போட்டவர் குடித்தால் அந்த நேரத்தில் பிரஷர் இறங்கி, எழும்பும்போது தலை சுற்றி விழலாம். ஏற்கெனவே ஒரு கால் பலமில்லாதவர் அவர். விழுந்து தலை அடிபட்டால், இரத்தம் கட்டிபடாத மருந்தும் உடம்பில் இருக்கும்போது, மூளைக்குள் இரத்தம் நிற்காமல் கசியலாம். நாளாந்தம் குடித்தால் பிரஷர் ஏறியே நிற்கும், குளிசையின் வேலை வீணாகும்.

சீனி வருத்தத்துக்குச் சில குளிசைகளோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பிடாமல் குடித்தால் சீனி சட்டென்று இறங்கிவிடும். வியர்க்கும், நடுங்கும், உளறுவார், மயங்குவார். பார்ப்பவர்கள் வெறி என்பார்கள். வலிப்புக் குளிசையோ நித்திரைக் குளிசையோ எடுப்பவருக்குக் குடி சேர்ந்தால் நித்திரை அளவுக்கு மிஞ்சி மூச்சும் மந்தமாகும்.

இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களில் சிலருக்கு வார்பரின் என்றொரு குளிசை கொடுப்பார்கள். அதன் கதையைக் கேளுங்கள். 1920களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன ஒருவகைத் தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் நிற்காமல் செத்தன. அந்தப் புல்லில் இருந்த பொருளை விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் என்பவரின் குழு கண்டுபிடித்தது. அந்த வழியில் உண்டான வார்பரின் 1948இல் எலி மருந்தாகத்தான் சந்தைக்கு வந்தது. பிறகுதான் அளவறிந்து மனிதருக்குக் கொடுத்தார்கள். 1955இல் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கும் அதைக் கொடுத்தார்கள். ஒரே பொருள், அளவு தப்பினால் நஞ்சு, அளவோடு இருந்தால் மருந்து. அதனால்தான் கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்து அளவை மாற்றுகிறார்கள். ஒரேயடியாய் நிறையக் குடித்தால் அதன் வேகம் கூடி இரத்தம் கசியும். நெடுநாள் கடுமையாய்க் குடிப்பவருக்கு வேகம் குறைந்துபோகவும் கூடும். டொக்டர் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த அளவை இரண்டு போத்தல் குழப்பிவிடும்.

இன்னொன்று. நாள் முழுக்கக் குடிக்காமல் நல்லநாள் பெருநாளில் மட்டும் அளவில்லாமல் குடிப்பவருக்கும் இதயத் துடிப்புத் தாறுமாறாகலாம். இதை 1978இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதி, “விடுமுறை இதயம்” என்றே பெயர் வைத்தார்கள். தாறுமாறாய்த் துடிக்கும் இதயத்தில் இரத்தம் கட்டிபட்டு மூளைக்குப் போனால் அதுவும் பாரிசவாதம்தான். ஆகவே “நான் தீபாவளிக்கு மட்டுந்தான்” என்ற கதை உதவாது.

“சாராயம்தானே கூடாது, கள்ளு குளிர்ச்சி, அது மருந்து” என்று தவறணையில் சொல்வார்கள். பனங்கள்ளோ தென்னங்கள்ளோ, அதில் இருப்பதும் அதே மதுசாரம்தான். அளவு குறைவு, உண்மை. ஆனால் ஆர் ஒரு சிரட்டையோடு எழும்புகிறார்? கசிப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு கடுமை என்று காய்ச்சியவருக்கே தெரியாது. மது பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. சுகதேகிக்கே அப்படி என்றால் பாரிசவாதம் வந்தவருக்கு எப்படி?

சரி, ஒருவர் தவறிக் குடித்துவிட்டார். என்ன செய்வது? குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எங்கள் அந்தப் பிழை இனி ஒரு வீட்டிலும் நடக்கக் கூடாது. தவறிய குளிசைக்காக அடுத்த நாள் இரண்டாகவும் போடாதீர்கள். வெறியில் மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் திணிக்காதீர்கள். நித்திரைக் குளிசை, வலிப்புக் குளிசை எடுப்பவர் என்றால் உடனே ஆஸ்பத்திரியில் கேளுங்கள். எந்தக் குளிசைக்கு என்ன செய்வது என்று அடுத்த கிளினிக்கிலேயே கேட்டுக் கொப்பியில் எழுதுவியுங்கள். டொக்டரிடம் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கத்தால் மறைத்தால் மருந்தின் அளவு பிழைக்கும்.

நாளாந்தம் காலமையிலிருந்தே குடிப்பவர் சட்டென்று நிறுத்தவும் கூடாது. கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். அதற்கு மருந்து இருக்கிறது. மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். அங்கே போவதில் மானக்கேடு ஒன்றுமில்லை. கூட வர ஆளில்லை என்றால் நாங்கள் வருகிறோம்.

கடைசியாக, எல்லாரும் மனதில் வைக்க வேண்டியது ஒன்று. வாய் ஒருபக்கம் கோணுகிறதா, ஒரு கையைத் தூக்க ஏலாமல் இருக்கிறதா, பேச்சுக் குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் போதும். குடித்திருந்தாலும் வெறி என்று விட்டுவிடாதீர்கள். குடிகாரனுக்குப் பாரிசவாதம் வராது என்று எந்தச் சாத்திரமும் இல்லை. 1990 இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். அடைப்பைக் கரைக்கும் ஊசியைத் தொடங்கிய நேரத்திலிருந்து நாலரை மணித்தியாலத்துக்குள்தான் போடலாம். ஆகவே எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்து வையுங்கள். தேசிக்காய்த் தண்ணியும் வேண்டாம், அஸ்பிரினும் வேண்டாம். தலையை ஸ்கான் பண்ணிப் பார்க்காமல் அடைப்பா கசிவா என்று ஆருக்கும் தெரியாது. குளிசைப் பையையும் கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டுபோங்கள்.

வற்றாப்பளை அம்மன் பொங்கல் வந்தால் எங்கள் ஆக்கள் எத்தனை பேர் விரதமிருந்து, போத்தலைத் தொடாமல் இருக்கிறார்கள். ஆகவே ஏலாத காரியம் இல்லை. அம்மனுக்காக விட்டதை வீட்டில் இருக்கிற பெண்சாதி பிள்ளைகளுக்காகவும் விடலாம்.

பேச்சிழந்த அந்த மனிதர் இப்போது எங்களைக் கண்டால் வலது கையைத் தூக்கப் பார்த்து, முடியாமல் இடது கையைத் தூக்குகிறார். கோபம் இல்லை அவருக்கு. எங்களுக்குத்தான் முகம் கொடுக்க ஏலவில்லை. இனி எந்த வீட்டு வாசலிலும் ஒரு வசனம் சொல்லிவிட்டுத் திரும்ப மாட்டோம். உள்ளே வந்து பாயில் இருந்து, பையைத் திறந்து, ஒவ்வொரு குளிசையாய் எண்ணிப் பார்ப்போம். நீங்களும் ஒளிக்காமல் காட்டுங்கள்.