சம்பளத் துண்டிலே ஒரு கணிதப் பாடம்

(தோட்டப் பாடசாலைப் பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர்களாகிய நாங்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

காலையில் பெரட்டுக்குப் போய், மலை ஏறி இறங்கி, அந்திக் கொழுந்தையும் நிறுத்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டிப் பேசப் போவதில்லை. ஒரே ஒரு விஷயம். தரம் 6, தரம் 7 பிள்ளைகளைப் பயமுறுத்துகிற அட்சரகணிதம்.

"இலக்கம் இருக்க வேண்டிய எடத்தில எழுத்து வந்திருச்சே டீச்சர்!" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்தப் பயத்தை அந்த வயதிலேயே போக்காவிட்டால் கணிதத்தையே வெறுத்துவிடுவார்கள். சாதாரண தரத்தில் கணிதம் தவறினால் மேற்படிப்புக்கும் வேலைக்கும் வழி குறுகிப்போகும்.

இதில் எங்கள் பிழையும் இருக்கிறது. ஒரு பிள்ளை 50கி என்ற கோவையில் கி-க்கு 7ஐப் போட்டு, 507 என்று எழுதினாள். நாங்கள் சிவப்புப் பேனையால் கோடு போட்டோம். ஏன் பிழை என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வகுப்பில் கை உயர்த்தவே இல்லை. அன்றுதான் நாங்களும் பாடம் படித்தோம். இந்தக் கணக்கைப் பிள்ளைக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அது எந்த இடம்? உங்கள் சம்பளத் துண்டுதான்.

2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா என்று தீர்மானிக்கப்பட்டது. அதையே உதாரணமாக எடுப்போம். இந்த மாதம் எத்தனை பேர் விழும் என்று மாதம் தொடங்கும்போது யாருக்கும் தெரியாது. மழை வரும், காய்ச்சல் வரும். தெரியாத அந்த எண்ணுக்கு 'ப' என்று பெயர் வைப்போம். அப்போது பேருக்கான சம்பளம் 1350 × ப. இதைச் சுருக்கி 1350ப என்று எழுதுகிறோம். நடுவிலே பெருக்கல் குறி ஒளிந்திருக்கிறது. 50கி-யும் அப்படித்தான். கி என்பது 7 என்றால் 50 × 7 = 350; 507 அல்ல.

நோமுக்கு மேலே பறிக்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் 50 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மேலதிகக் கிலோவின் எண்ணிக்கை கி. மொத்தம்:

1350ப + 50கி

இதுதான் அட்சரகணிதக் கோவை. மாதத்துக்கு மாதம் மாறுவதால் ப, கி இரண்டும் மாறிகள். அந்த எழுத்துக்குப் பதிலாக எண்ணைப் போடுவது பிரதியீடு. 18 பேர், 25 கிலோ என்றால் 24,300 + 1,250 = 25,550 ரூபா. 21 பேர், 40 கிலோ என்றால் 28,350 + 2,000 = 30,350 ரூபா. சேமலாப நிதி, மற்றக் கழிவுகள் எல்லாம் சேர்ந்து 'க' ரூபா என்றால், கைக்கு வருவது 1350ப + 50கி − க.

இங்கே இரண்டு இடத்தில் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, 'ப' என்றால் பேர் என்று நினைப்பது. அப்படியில்லை, அது பேரின் எண்ணிக்கை. எழுத்து எப்போதும் ஓர் எண்ணுக்காகத்தான் நிற்கிறது. மற்றது, இரண்டையும் கூட்டி 1400பகி என்று எழுதுவது. நாட்கணக்கையும் கிலோக்கணக்கையும் ஒன்றாய்க் கலந்தால் கணக்கப்பிள்ளை ஒத்துக்கொள்வாரா? ஆனால் 10ப-வையும் 8ப-வையும் கூட்டினால், அது 18ப. ஒரே இனத்தைத்தான் கூட்டலாம்.

புத்தகத்தில் ஆங்கில எழுத்து 'எக்ஸ்' வரும். பயப்பட வேண்டாம், அது வெறும் பெயர்தான். 12ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் வாழ்ந்த பாஸ்கரர், தெரியாத எண்களைக் கறுப்பு, நீலம், மஞ்சள் என்று நிறங்களின் பெயரால் அழைத்தார். பெயர் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்.

2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனது, 2024இல் 1350. ப-வுக்கு முன்னால் நிற்கிற எண்தான் மாறியது. இனியும் மாறும். கோவை எழுதத் தெரிந்த பிள்ளை புதிய எண்ணைப் போட்டு உடனே கணக்குப் பார்த்துவிடும்.

ஆகவே, "எங்களுக்கு வெளங்காது, வாத்தியார்கிட்ட கேளு" என்று இனிமேல் சொல்லாதீங்க. சம்பள நாளன்று துண்டைப் பிள்ளையிடம் கொடுங்க. "ப எத்தனை? கி எத்தனை? மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்க. தொகை ஒத்துவராவிட்டால் கோபப்பட வேண்டாம். பிள்ளை எழுதிய கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, கணக்கப்பிள்ளையிடமோ தோட்டத் தலைவரிடமோ விளக்கம் கேளுங்க. எழுதிய கணக்கோடு கேட்கிற கேள்வியைத் தட்டிக்கழிப்பது லேசில்லை.

கூடையின் பாரம் உங்கள் தலையிலே. அதன் கணக்காவது உங்கள் பிள்ளையின் கையிலே இருக்கட்டும்.