மூத்திரக்காயும் முன்வினையும்



வாந்திபேதி கண்டு இரண்டு நாள் கிடந்தவனுக்கு மூத்திரம் நின்றுபோனால், இன்றும் சில ஊர்களில் முதலில் அழைக்கப்படுகிறவர் டாக்டர் அல்ல, வேப்பிலைக்காரரும் ஜோசியரும்தான். ஒருவர் அம்மன் கோபம் என்கிறார். மற்றவர் முன்வினை, சனி பார்வை என்கிறார். அம்மனுக்குக் கோபம் வந்தால் அது மூத்திரக்காயை ஏன் தேடிப் போகவேண்டும் என்றுதான் நாம் கேட்கிறோம்.

சிறுநீரகம் எனப்படும் அந்த இரண்டு காய்களும் சேர்ந்து நம் உடம்பின் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் இருதயம் தள்ளுகிற இரத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அவைகளுக்கே போகிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை வடிகட்டி, மிகப் பெரும்பகுதியை உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் வெளியே விடுகின்றன. பேதியில் நீர் வற்றினாலும், காயத்தில் இரத்தம் கொட்டினாலும் இந்த ஓட்டம் குறைந்து, உள்ளேயுள்ள நுண்குழாய்களின் உயிரணுக்கள் பிராணவாயு இன்றிச் சாகின்றன. இதில் சனிக்கு என்ன ஜோலி?

பல சமயங்களில் பிழைத்திருக்கும் உயிரணுக்கள் பெருகி அந்தக் குழாய்ச் சுவரை மறுபடி கட்டுகின்றன. அந்த வேலையில் கலந்துகொள்ளும் ஒன்றுதான் மைக்ரோ ஆர்.என்.ஏ. உயிரணுவுக்குள் எந்தச் சரக்கு உற்பத்தியைக் குறைக்கவேண்டும் என்று தடை உத்தரவு போடும் சின்னஞ்சிறு சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1993-ல் அமெரிக்காவில் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்கன் என்பவர்கள் இதைக் கண்டது ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில்! புழுவாய்ப் பிறப்பது பாவத்தின் தண்டனை என்பது நமது பௌராணிகர்கள் வாக்கு. அந்தப் புழுவைப் படித்ததற்காகத்தான் 2024-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

2012-ல் இத்தாலி தேசத்து டூரின் நகர ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு பரீட்சையை வெளியிட்டார்கள். எலிகளின் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தை நிறுத்திப் பிறகு விட்டார்கள். இரத்தக் குழாய்களை உண்டாக்கும் மூல உயிரணுக்கள் வெளியிடும் நுண்ணிய பைகளை ஏற்றினார்கள், சேதம் குறைந்தது. அத்துடன் நிற்கவில்லை. பைகளிலுள்ள ஆர்.என்.ஏ.யை அழித்துவிட்டு ஏற்றினார்கள், பலன் குன்றிவிட்டது. குணம் பையில் இல்லை, சீட்டில்தான் என்று தெரிந்தது. திருநீற்றை எடுத்துவிட்டு வெறுங்கையால் பூசிப் பரீட்சை பார்த்த சாமியார் எவராவது உண்டா?

சரி, மனிதருக்குப் பலித்ததா? இருதய ஆபரேஷனுக்குப் பின் சிறுநீரகம் கெட்ட 156 பேரைச் சேர்த்து வட அமெரிக்காவில் நடந்த பரீட்சையின் முடிவு 2018-ல் வெளிவந்தது. சிலருக்கு எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல். மற்றவர்களுக்கு மருந்தில்லாத திரவம். குணமாகும் காலம் குறையவில்லை. அதை ஒளிக்காமல் அச்சிட்டார்கள். நேர்த்திக்கடன் பலிக்கவில்லை என்று எந்தக் கோயில் சுவரிலாவது எழுதியிருக்கிறதா?

ஆகையால், ஸ்டெம் செல் ஊசி போட்டால் கெட்ட சிறுநீரகம் உடனே சரியாகும் என்று பணம் கேட்பவர் யாராயிருந்தாலும், அவர் கோட்டுப் போட்ட பூசாரி என்றே நாம் சொல்லுவோம்.

பேதி கண்டவுடன் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் சொல்லியுள்ள அளவு நீரில் கரைத்துக் கொடுங்கள். மூத்திரம் குறைந்தால் தாயத்துக்குக் காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கடையில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளில் சில, அந்த நேரத்தில் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தை இன்னும் குறைத்துவிடும்; டாக்டரைக் கேளாமல் அவைகளைத் தொடவேண்டாம்.