சோழவரத்துக்குப் போன ஃபியட்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இங்கே இயற்பியல் படித்து, பிறகு பொறியியலுக்குப் போய், இப்போது கோவையில் பிரேக் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். "கார் ரேஸ் பத்திப் பேசுப்பா, பசங்க தூங்க மாட்டாங்க" என்றார் செயலாளர். சரி என்று வந்துவிட்டேன்.

சோழவரம் என்ற பெயர் இங்குள்ள பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். சென்னைக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டி, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் அங்கேதான் பந்தயம் நடத்தியது. பிறகு 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் வந்தது. சோழவரத்தில் விஜய் மல்லையா ஓட்டிய என்சைன் போன்ற வெளிநாட்டுப் பந்தயக் கார்களும் உறுமின. கோவை கரிவரதன் வடிவமைத்த ஒற்றை இருக்கைக் கார்களும் ஓடின. 1995இல் விமான விபத்தில் மறைந்த அவர் பெயரில்தான் இன்று செட்டிபாளையத்தில் பந்தயத் தடம் இருக்கிறது. ஆனால் ஜனங்களுக்குப் பிடித்தது அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஓடிய பந்தயங்கள்தான். நேற்று கல்யாணத்துக்குப் போன அதே வண்டி இன்று பம்பரையும் பின் சீட்டையும் கழற்றிவிட்டுப் பறந்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

கடையில் வாங்கும் காரையே பந்தயத்தில் விடுவதாகத்தான் அமெரிக்காவில் 'ஸ்டாக் கார்' பந்தயம் தொடங்கியது. அப்படிப்பட்ட கார்களுக்கான நாஸ்காரின் முதல் பந்தயம் 1949 ஜூன் 19 அன்று சார்லட் நகரில், மண் தடத்தில் நடந்தது. முதலில் வந்தவர் கிளென் டனவே. வண்டியைப் பரிசோதித்தபோது பின்பக்க ஸ்பிரிங்கை விறைப்பாக்கி வைத்திருந்தது தெரிந்தது. அது கள்ளச்சாராயம் ஏற்றும் வண்டிகளில் செய்கிற வேலை. வெற்றி பறிபோய், லிங்கன் காரில் வந்த ஜிம் ரோப்பருக்குப் பரிசு போனது. (சாராயக் கடத்தல் தொழில்நுட்பம் பற்றி மேலும் பேச மாட்டேன், முதல்வர் பார்க்கிறார்.) நம் பக்கத்து நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னுக்குப் பிறகு 2010இல் அந்த நாஸ்காரின் டிரக் பந்தயங்களிலும் ஓட்டினார்.

என் பெரியப்பா காந்தலில் ஒர்க்ஷாப் வைத்திருந்தார். எழுபதுகளில் ஒரு எஸ்டேட் முதலாளியின் ஃபியட்டைச் சோழவரத்துக்குத் தயார் செய்தார். 1089 சிசி எஞ்சின். சிலிண்டர் ஹெட்டை இழைத்து, போர்ட்டுகளைப் பாலிஷ் போட்டு, கார்புரேட்டரில் மாதக்கணக்காக வேலை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கடல் மட்டத்தைவிடக் காற்றழுத்தம் சுமார் கால் பங்கு குறைவு. இங்கே சரியாக ஓடுகிற ஜெட் அங்கே போனால் பெட்ரோல் போதாமல் பிஸ்டனைச் சுட்டுவிடும். அதனால் சட்டைப் பையில் நாலைந்து ஜெட்டுகளோடு, அந்தக் காரையே ஓட்டிக்கொண்டு மேட்டுப்பாளையம், சேலம் வழியாக மெட்ராஸ் போனார்களாம்.

பயிற்சி ஓட்டம் நன்றாகத்தான் போனது. மாலையில் முன் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார் பெரியப்பா. டை ராடு எண்டில் ஆட்டம். மாற்றுச் சாமான் கையில் இல்லை. "சின்ன ரேஸ்தானேய்யா, தாங்கும்" என்றார் முதலாளி. அவரே ஓட்டுகிறவர். மறுநாள் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டர் பெரியப்பாவின் பையில் இருந்தது. பந்தயம் முடிந்த பிறகுதான் எடுத்துக் கொடுத்தார். முதலாளி ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியப்பா தனியாக நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து வந்து சேர்ந்தார். அந்த எஸ்டேட்டின் ஜீப், லாரி ஒன்றுகூட அதற்குப் பிறகு எங்கள் ஒர்க்ஷாப் வாசலில் நிற்கவில்லை. பாதி வருமானம் போயிற்று.

இந்தக் கதையை அவர் எனக்குச் சொன்னது ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில்.

இரண்டாம் வருடம் படிக்கும்போது நாங்கள் ஆறு பேர் மூன்று பைக்கில் கல்லட்டி இறங்கினோம், யார் முதலில் மசினகுடி என்று. முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாம் கியரில் இறங்க வேண்டிய ரோட்டில் நியூட்ரலில் விட்டோம். என் நண்பனின் வண்டியில் பின் டிரம் சூடேறிப் பிடிக்காமல் போனது. முன் பிரேக்கை இறுக்கியபோது கேபிள் அறுந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் சிராய்ப்போடு தப்பினான். இவனுக்கு வலது முட்டி போயிற்று.

அந்தக் கேபிளை நான் அன்று காலையே பார்த்தேன். லீவர் பக்கத்தில் மூன்று நான்கு இழை பிரிந்து நின்றது. சொன்னால் ட்ரிப் கெட்டுவிடும், 'பயந்தாங்கொள்ளி' என்பார்கள். சொல்லவில்லை. பெரியப்பாவிடம் மட்டும் அன்று ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. சோழவரத்துக் கதையைச் சொல்லிவிட்டு, டீ வாங்கக் கீழே போய்விட்டார்.

எத்தனையோ வருடம் ஓடிவிட்டது. அந்த நண்பன் இன்று இதே மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் இருக்கிறான். முட்டியை இன்னும் முழுசாக மடக்க முடியாது, அதனால்தான் ஓரத்து நாற்காலி. அவனைக் கேட்காமல் இதை மேடையில் பேசுவது சரியில்லை என்று காலையில் சேரிங்கிராஸ் டீக்கடையில் எல்லாவற்றையும் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தான்.

"நானும்தான்டா பார்த்தேன். நீ எதாவது சொல்லுவேன்னு இருந்தேன்" என்றான்.

கல்லட்டிக்கு அடுத்த வாரம் வண்டி எடுக்கப் போகிறவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் நிற்பேன், ஸ்பேனர் கொண்டுவந்திருக்கிறேன். கேபிளைக் காட்டுங்கள்.