அமைவுக் கோப்பு எங்கே இருத்தல் வேண்டும்?



நம் காலனிப் பிள்ளைகளிற் பலர் இன்று கணிப்பொறித் துறையில் இருக்கின்றனர். நள்ளிரவில் தொலைபேசி ஒலிக்கின்றது. பிள்ளை விடியும்வரை பொறியோடு மல்லாடுகின்றான். கோப்பைத் திருத்தியாயிற்று, பலனில்லை. பொறி படிப்பது வேறொரு கோப்பை! இந்தத் தொல்லையைப் பற்றியே நாம் பேச வந்தோம்.

எந்த வாயிலில் காத்திருப்பது, யாரை உள்ளே விடுவது என்பனவற்றைச் சர்வர் மென்பொருள் தன் அமைவுக் கோப்பைப் படித்தே அறியும். யுனிக்ஸ் வழிவந்த பொறிகளில் இதற்கென ‘எட்ஸி’ என்னும் அடைவு உண்டு. ‘இத்தியாதி’ என்பது அப்பெயரின் பொருள். ஆதியில் பெயருக்கேற்ப, வேறு போக்கிடமற்றவை பலவும் அங்கே கிடந்தன. இயங்கும் நிரல்கள்கூட இருந்தன. லினக்ஸ் அன்பர்கள் 1993-ல் வகுக்கத் தொடங்கி, 2015-ல் 3.0 பதிப்பாக வெளியிட்ட தரவிதி, எட்ஸியில் நிரல்கள் கூடா, அந்தந்தப் பொறிக்குரிய அமைவுகளே இருத்தல் வேண்டும் என்கின்றது.

விதி இருந்தும் ஊருக்கொரு வழக்கம். அப்பாச்சியின் கோப்பு டெபியனில் ‘எட்ஸி/அப்பாச்சி2’-ல் இருக்கும். ரெட் ஹாட்டில் ‘எட்ஸி/எச்டிடிபிடி’-ல் இருக்கும். மூலநிரலிலிருந்து நாமே தொகுத்தாலோ ‘யூஎஸ்ஆர்/லோக்கல்’ பக்கம் போய்விடும். மைசீக்வல் பல இடங்களை வரிசையாகப் பார்க்கும். பின்னால் படித்ததே வெல்லும். ஓபன்எஸ்எஸ்எச் சர்வரிலோ முதலிற் கண்ட மதிப்பே நிற்கும். நடுநிசியில் இதையெல்லாம் யார் நினைவிற் கொள்வது?

இரயில்வேயில் பொது விதிகள் தேசம் முழுமைக்கும் உரியன. துணை விதிகள் அந்தந்த இரயில்வேக்கு. நிலைய வேலை விதிகள் அந்த நிலையத்துக்கு மட்டுமே. மாற்றாக வரும் நிலைய அதிகாரி அவற்றைப் படித்துக் கையொப்பமிட்ட பின்னரே பொறுப்பேற்பார். எங்கே இருக்கின்றன என்று அலமாரி அலமாரியாகத் தேடுவதில்லை. லினக்ஸ் பொறிகளிலுள்ள சிஸ்டம்டியும் ஏறக்குறைய இவ்வாறே: தயாரிப்பாளர் தருவது ‘யூஎஸ்ஆர்/லிப்’-ல், நாம் எழுதுவது எட்ஸியில். புதுப் பதிப்பு வந்தாலும் நம்முடையது அழியாது. ஒரு வேற்றுமை: நிலைய விதி பொது விதியை மீறலாகாது, இங்கோ உள்ளூர்க் கோப்பே மேலானது!

நம் அபிப்பிராயம் இது. சர்வர் மென்பொருள் பார்க்கும் இடம் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். கட்டளையில் வேறு கோப்பைக் குறிப்பிட்டால் அதை மட்டுமே படிக்க வேண்டும். தொடங்கிய அடைவிலேயே துழாவும் பழக்கம் அறவே கூடாது; அங்கே எழுத உரிமையுள்ள எவனும் ஒரு பொய்க் கோப்பை வைத்துவிடலாம் அல்லவா? எவரும் திருத்தத்தக்கதாகத் திறந்து கிடக்கும் கோப்பை மைசீக்வல் படிக்க மறுப்பது மிகவும் சரி. எதைப் படித்தோம் என்பதையும் வாய்விட்டுச் சொல்லல் வேண்டும். என்ஜின்எக்ஸைச் சோதனைக் கட்டளையோடு ஏவினால், தான் படித்த கோப்பின் முழு முகவரியையும் அச்சிட்டுக் காட்டும். ஏனையவற்றை எழுதுவோரும் இதைச் செய்தால், நம் பிள்ளைகள் சற்று உறங்குவர்.