கோடை லீவில் பூகம்பம் படிக்கிற பிள்ளைகள்
(கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)

போன கூட்டத்துல ஒரு அக்கா கேட்டாங்க, "பொண்ணு லீவுக்கு வெளியூர் போய் ஆராய்ச்சி பண்றேங்கிறா, அது என்ன வேலைம்மா?" நியாயமான கேள்வி.

அமெரிக்காவில் தெற்கு கலிபோர்னியா நிலநடுக்க மையம் 1991-இல் தொடங்கியது. 1994 முதல் கல்லூரி மாணவர்களைக் கோடையில் விஞ்ஞானிகளோடு வேலை பழக வைத்தார்கள். 2002-இல் கம்ப்யூட்டருக்கென்றே தனிப் பயிற்சி வந்தது. பூமிக்கடியில் இருக்கும் பிளவுகளைத் திரையில் முப்பரிமாணமாகக் காட்டும் மென்பொருளை எழுதியது அந்தப் பிள்ளைகள்தான். பூகம்பப் பாடமே படிக்காதவர்களும் அதில் உண்டு. சும்மா வேலை வாங்கவில்லை, உதவித்தொகை கொடுத்தார்கள்.

பூகம்பம் எந்த நாளில் வரும்னு யாராலும் சொல்ல முடியாது. வந்தால் எந்த இடம் எவ்வளவு குலுங்கும் என்பதைத்தான் சூப்பர் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறார்கள். 2004-இல் சுமத்ரா பக்கம் நிலம் அதிர்ந்து, அலை நம்ம கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல ஆச்சு. முன்கூட்டிச் சொல்லத்தான் ஏற்பாடு இல்லை. 2007-இல்தான் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது.

அதனால எடுத்ததுமே "வேண்டாம்"னு சொல்லிடாதீங்க. பொறுப்பாசிரியர் யாரு, தங்குறது எங்கே, உதவித்தொகை உண்டா, இதையெல்லாம் எழுத்துல வாங்குங்க. நம்மகிட்ட பணம் கட்டச் சொன்னா மட்டும் யோசிங்க! விண்ணப்பம் நிரப்பத் தெரியலைன்னா வெள்ளிக்கிழமை பாஸ்புக் எழுதும்போது கொண்டு வாங்க, பொண்ணையும் கூட்டிட்டு வாங்க.